விரிசல் தேடி ஜப்பான் போன அண்ணாச்சி

பயப்படுவதை முழு நேரத் தொழிலாகச் செய்துகொண்டு, மீதி நேரத்தில் வீடு கட்டிக் கொடுத்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, தென்காசி விரிசல் அண்ணாச்சிதான். தைரியசாலிகளைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். பயந்தவர்களைப் பற்றி எழுத ஆளில்லை. அந்த வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். அதற்கான தகுதியும் எனக்கு உண்டு. பயத்தில் இந்த வட்டாரத்தில் அண்ணாச்சிக்கு அடுத்த இடம் என்னுடையது.

அவர் கட்டட கான்ட்ராக்டர். நான் வீட்டுக்கு பிளான் வரைந்து கொடுக்கிற ஆள். நான் தாளில் போடுகிற கோட்டை அவர் செங்கலில் நிறுத்துவார். இருபது வருடப் பழக்கம். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. அதைத் தவிர வேறு எங்கும் புழக்கத்தில் இல்லை.

பட்டப்பெயர் வந்ததற்குக் காரணம் அவர் காதில் செருகியிருக்கும் பென்சில். எந்தச் சுவரில் விரிசலைப் பார்த்தாலும், அது முடிகிற இடத்தில் குறுக்காக ஒரு சின்னக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுவார். அடுத்த தடவை வரும்போது விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் அது வளர்கிறது என்று அர்த்தம். தொழிலில் இருக்கிற முறைதான். தான் கட்டிய வீட்டோடு அவர் அதை நிறுத்தியிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். பல் டாக்டர் அறை, பேங்க் கவுன்டர், கல்யாண மண்டபம் எல்லாவற்றிலும் அவர் கையெழுத்து உண்டு. ஒரு தடவை சொந்தக்காரப் பையனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், காபி வருவதற்குள் நாற்காலி மேல் ஏறிச் சுவரில் தேதி எழுதிக்கொண்டிருந்தார். பெண் வீட்டார் அவர் கல்யாணத் தேதியைக் குறிக்கிறார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார்கள். கல்யாணமும் நடந்தது. விரிசல் வளர்ந்ததா என்று பார்க்க அவர் இன்றைக்கும் அந்த வீட்டுக்குப் போய் வருகிறார்.

பந்தியில் உட்காருமுன் அண்ணாந்து பார்ப்பார். தலைக்கு மேல் உத்தரம் இல்லாத இலையாகத் தேடி உட்காருவார். செங்கோட்டைப் பக்கத்துப் பார்டர் கடையில் பரோட்டா சாப்பிடப் போனாலும் வாசலோரம்தான். ஒரு கால் எப்போதும் வெளியே இருக்கும். சாரல் காலத்தில் ஊரே ஐந்தருவிக்கு ஓடும்போது அவரும் வருவார். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியிலிருந்து நூறடி தள்ளி ஒரு சிப்ஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். தண்ணீர் வருகிற வழியில் கல்லும் வரும் என்பது அவர் கட்சி. பிறகு லாட்ஜில் போய் வாளித் தண்ணீரில் குளிப்பார். எண்ணெய் மட்டும் குற்றாலத்தில், குளியல் லாட்ஜில்.

கான்கிரீட் கூரை போட்டதும் அது காய்கிற வரை அடியில் நிறுத்துகிற கம்புகளை முட்டு என்போம். மூன்று வாரத்தில் எல்லாரும் பிரித்துவிடுவார்கள். அண்ணாச்சி பிரிக்க விட மாட்டார். வளைகுடாவிலிருந்து ஒரு மாத லீவில் வந்த கடையநல்லூர் பாய் ஒருவர், லீவு முடியப் போகிறதே என்று முட்டுகளுக்கு நடுவிலேயே குடிபுகுந்து விருந்து வைத்தார். பிரியாணித் தட்டோடு விருந்தாளிகள் கம்புக்குக் கம்பு வளைந்து நெளிந்து போனதை நானே பார்த்தேன். பாய்க்கு ஆறு மாதம் அண்ணாச்சி மேல் கோபம் இருந்தது. ஆனால் ஒன்று. அந்த வீட்டில் இன்றைக்கு வரைக்கும் ஒரு மயிரிழை விரிசல் கிடையாது. அவர் கட்டிய எந்த வீட்டிலும் கிடையாது.

இப்படிப்பட்டவர் ஜப்பான் போனார். அதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

எங்கள் ஊர் கட்டடக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு கல்விச் சுற்றுலா ஏற்பாடு செய்தார்கள். ஜப்பானில் வீட்டையே தொழிற்சாலையில் செய்கிறார்களாம். சுவர், ஜன்னல், ஒயரிங் எல்லாம் பொருத்தி, பெட்டி பெட்டியாக லாரியில் ஏற்றி, மனையில் ஒரே நாளில் கிரேனால் அடுக்கி வைத்துவிடுகிறார்களாம். வெயிலும் குளிரும் உள்ளே புகாது, கரன்ட் செலவு பாதிகூட ஆகாது. அதைப் பார்த்துவர எட்டு நாள். பெயர் கொடுப்பவர்கள் கொடுக்கலாம் என்று சொல்லி முடிப்பதற்குள் முதல் பெயராக அண்ணாச்சி தன் பெயரைக் கொடுத்தார். லிப்டில் ஏறாதவர், மதுரைக்குத் தெற்கேயே வாழ்ந்தவர். அவருக்கு உடம்புக்கு ஏதாவது முடியவில்லையோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

நானும் பெயர் கொடுத்தேன். விமானத்தில் என் பக்கத்து இருக்கை அவருக்கு. இடுப்புப் பட்டையை வயிறு இரண்டாகப் பிரிகிற அளவுக்கு இறுக்கிக்கொண்டு ஜன்னல் வழியாக இறக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறக்கை ஆடுகிறது என்றார். ஆடினால்தான் ஒடியாது, அப்படித்தான் செய்திருக்கிறார்கள் என்று சொன்னேன். எனக்கும் அதுவரை அது ஆடுவது தெரியாது. தெரிந்த பிறகு நானும் பட்டையை இறுக்கினேன். வங்காள விரிகுடாவுக்கு மேலே போகும்போது, பேசினால் பயம் குறையும் என்று நினைத்தாரோ என்னவோ, காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தார்.

அவருக்கு ஒரே மகள், கோமதி. கட்டிக்கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. மாப்பிள்ளைக்கு ஜப்பானில் ஒரு கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. போன வருடம் அங்கேயே வீடு வாங்கிவிட்டார்கள். வாங்கியது இதே மாதிரி தொழிற்சாலையில் செய்த வீடு. இப்போது கோமதிக்கு ஆறு மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்துவருவது நம் வழக்கம். தாய் இல்லை, கோமதி பத்தாவது படிக்கும்போதே போய்விட்டார். ஆனால் அப்பா இருக்கிறாரே. போனில் எத்தனையோ தடவை கூப்பிட்டும் கோமதி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். காரணம் கேட்டால், இந்த வீடு நன்றாக இருக்கிறது என்பதோடு பேச்சை முடித்துவிடுகிறாள்.

"பூமி ஆடுத ஊரு அது. அங்கன பொட்டியில செஞ்ச வீட்டுல எம் பிள்ள வயித்துப் பிள்ளையோட இருக்கா. இன்னும் ஒரு மாசம் போனா பிளேன்ல ஏத்த மாட்டான்" என்றார். "ஒரே ஒரு விரிசல் போதும்வே. எந்த வீட்டுலயும் இருக்கும். நான் கண்டுபிடிச்சு அவ மூஞ்சிக்கு முன்னால காட்டிருவேன். அப்புறம் அவளால பேச முடியாதுல்லா."

முதலில் தொழிற்சாலையைப் பார்ப்பது, வீடு எங்கெங்கே பலவீனமாக இருக்கும் என்று படித்துக்கொள்வது, கடைசி நாள் ஓய்வு நாளில் மகள் வீட்டுக்குப் போய்க் குறையைப் பிடிப்பது. இதுதான் திட்டம். சாட்சிக்கு நான். விரிசல் தேடி கடல் தாண்டுகிறோம் என்று நினைக்க எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் இன்னொன்றும் சொன்னார்.

கோமதி எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது, அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மேல்தளத்திலிருந்து ஒரு பாளம் காரை பெயர்ந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் விழுந்ததாம். ஒரு முழம் தள்ளி. பிள்ளை விழிக்கக்கூட இல்லை. அதற்கு முந்தின நாள் வரை தான் எல்லா மனிதர்களையும் போலத்தான் இருந்ததாக அண்ணாச்சி சொன்னார். அன்றைக்கு அண்ணாந்து பார்த்த கழுத்து பிறகு இறங்கவே இல்லை. இருபது வருடமாக அவரைக் கேலி செய்தவர்களில் நானும் ஒருவன். அந்த விமானத்தில் எனக்கு அது நன்றாக உறைத்தது.

சுற்றுலாவில் அவரைப் போல் படித்த மாணவன் கிடையாது. மற்றவர்கள் புகைப்படம் எடுத்துக்கொண்டிருக்க, அண்ணாச்சி மட்டும் நோட்டுப் புத்தகத்தோடு விளக்குபவரின் வாயருகே நிற்பார். மொழிபெயர்க்க வந்த மதுரைத் தம்பி, இவ்வளவு ஆர்வமான விருந்தாளியைப் பார்த்ததே இல்லை என்று பாராட்டினார். கேள்விகளின் உள்நோக்கம் அவருக்கு எப்படித் தெரியும். தண்ணீர் எந்த மூலையில் இறங்கும், இரண்டு பெட்டி சேருகிற இடத்தில் என்ன வைக்கிறீர்கள், அது எத்தனை வருடத்தில் கெடும், கெட்டால் முதலில் எங்கே தெரியும். எல்லாம் கொலைக்கு வேவு பார்க்கிற கேள்விகள்.

ஒரு மாதிரி வீட்டுக்குள் எங்களை அழைத்துப் போனார்கள். கதவு சத்தமில்லாமல் மூடியது. வெளியே லாரி ஓடுகிறது, ஜன்னலில் தெரிகிறது, சத்தம் வரவில்லை. வீடு முழுக்க உள்ள இடைவெளிகளையெல்லாம் சேர்த்தாலும் ஒரு உள்ளங்கை அளவுதான் என்றும், நல்ல காற்றை ஒரு இயந்திரம் உள்ளே கொண்டுவரும் என்றும் பெருமையாகச் சொன்னார்கள். இயந்திரம் நின்றுபோனால் என்ன ஆகும் என்று அண்ணாச்சி கேட்டார். ஜன்னலைத் திறந்துகொள்ளலாம் என்று பதில் வருவதற்குள் அவர் வெளியே போய்விட்டார். காலுறையோடு புல்தரையில் நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அவரைத் தேடிப் போன நானும் உள்ளே திரும்பவில்லை. உண்மையில் அவருக்கு முன்பே எனக்கு மூச்சு முட்ட ஆரம்பித்திருந்தது.

பூகம்பம் வந்தால் வீடு எப்படி ஆடும் என்று காட்ட, ஆட்டுகிற மேடை மேல் ஓர் அறை வைத்திருந்தார்கள். அண்ணாச்சி ஏற மறுத்துவிட்டு என்னை ஏற்றிவிட்டார். நான் நாற்காலியைக் கட்டிக்கொண்டு, குலதெய்வத்தைக் கூப்பிட்டு, முகம் வெளுத்து இறங்கினேன். தண்ணீர் வேண்டுமா என்று மற்றவர்கள் கேட்டார்கள். சத்தம் எந்த மூலையிலிருந்து வந்தது என்று அண்ணாச்சி கேட்டார். நோட்டுப் புத்தகம் திறந்திருந்தது.

தொழிற்சாலையில்தான் மானம் போக இருந்தது. பிரம்மாண்டமான கொட்டகை. இரும்புச் சட்டங்கள் வரிசையாக நகர்ந்து வர, ஓரிடத்தில் தரை, ஓரிடத்தில் சுவர், ஓரிடத்தில் ஜன்னல் என்று பொருத்திக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு தாள் தொங்குகிறது. அதில் அந்த வீட்டுக் குடும்பம் கேட்டதெல்லாம் எழுதியிருக்குமாம். இந்த வீட்டு அம்மா குள்ளம், அடுப்பு மேடை தாழ்வாக வேண்டும். அந்த வீட்டுப் பெரியவர் இடதுகைக்காரர், கைப்பிடி இந்தப் பக்கம் வேண்டும். ஒரு வீட்டைப் போல் இன்னொரு வீடு கிடையாது என்று மதுரைத் தம்பி மொழிபெயர்த்தார்.

அப்போது அண்ணாச்சியின் கண் பளபளத்தது. நகர்ந்து வந்த ஒரு வெளிச்சுவரில் மெல்லிய கோடு ஒன்று ஓடியது. கல் மாதிரித் தெரிவதற்காக அவர்களே வேண்டுமென்று போட்ட கோடு அது. நான் அவர் கையைப் பிடிப்பதற்குள் பென்சில் காதிலிருந்து இறங்கி, குறுக்குக் கோடும் தேதியும் விழுந்துவிட்டன. சுவர் தேதியோடு நகர்ந்து போனது. அடுத்த இடத்தில் நின்ற பெண் அதைப் பார்த்தார். தலைக்கு மேல் தொங்கிய கயிற்றை இழுத்தார். மணி அடித்தது. அவ்வளவு பெரிய வரிசையும் நின்றது.

ஒரு கட்டடம் முழுக்கச் சத்தம் அடங்குவது எவ்வளவு பயங்கரமானது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். எட்டுப் பேர் அந்தச் சுவரைச் சுற்றி நின்று குனிந்து பார்த்தார்கள். அண்ணாச்சி என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தார். பாஸ்போர்ட்டைப் பிடுங்குவார்களா, ஜெயிலில் சாதம் கிடைக்குமா என்று காதில் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் மதுரைத் தம்பி போய் உண்மையைச் சொன்னார். நரைத்த தலையோடு ஒரு மேலாளர் எங்களை நோக்கி வந்து, அண்ணாச்சிக்கு முன்னால் நின்று, இடுப்பு வரை குனிந்தார். எங்கள் சுவரைக் கவனித்துப் பார்த்ததற்கு நன்றி, உங்களுக்குச் சந்தேகம் வரும்படி கோடு போட்டதற்கு மன்னிக்கவும் என்றாராம்.

"ஏச மாட்டேங்காரு, குனியுதாரு" என்றார் அண்ணாச்சி, பல்லைக் கடித்துக்கொண்டு. "இது எதுக்குவே? என்னமோ பெருசா செய்யப் போறாங்க."

ஒன்றும் செய்யவில்லை. சுவரை மாற்றினார்கள், மணி அடித்தது, வரிசை நகர்ந்தது. அண்ணாச்சி மட்டும் அன்றைக்கு முழுவதும் யார் குனிந்தாலும் இரண்டடி பின்வாங்கினார். அந்த நாட்டில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் குனிகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கடைசி நாள் மற்றவர்கள் கடைவீதிக்குப் போக, நாங்கள் ரயிலேறினோம். என் பையில் குற்றால நேந்திரங்காய் சிப்ஸும், புளியங்குடி எலுமிச்சையில் போட்ட ஊறுகாயும். அவர் பையில் தூக்குக்குண்டு, டேப், கோலி, டார்ச், பூதக்கண்ணாடி.

கோமதி வாசலில் நின்றாள். மூன்று வருடம் கழித்து மகளைப் பார்க்கிறார். வயிறு தெரிய, சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அண்ணாச்சியின் பார்வை அவள் முகத்துக்குப் போகவில்லை. அவள் தலைக்கு மேலிருந்த வாசல் நிலைக்குப் போனது. அவள் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியதை நான் பார்த்தேன்.

மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். கோமதி சாம்பார் வைத்திருந்தாள், அப்பளம் பொரித்திருந்தாள். அண்ணாச்சி இரண்டு வாய் சாப்பிட்டார், எழுந்தார், வேலையை ஆரம்பித்தார். மூலைக்கு மூலை தூக்குக்குண்டு தொங்கியது. தரையில் கோலி உருட்டிப் பார்த்தார். அது வைத்த இடத்தில் நின்றது. அலமாரிக்குப் பின்னால், கழுவு தொட்டிக்கு அடியில், மாடிப்படியின் வயிற்றில் டார்ச் அடித்தார். நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்த பலவீனங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அடித்துக்கொண்டே வந்தார். ஒன்றரை மணி நேரம் போனது. பென்சில் காதைவிட்டு இறங்கவே இல்லை.

நான் சிப்ஸ் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். கோமதி எதிரில் உட்கார்ந்து ஊறுகாயை விரலால் தொட்டு நக்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று மெதுவாகச் சொன்னாள்.

"சார், எப்பா வந்து ரெண்டு மணி நேரம் ஆச்சு. இன்னும் என் மூஞ்சியப் பாக்கல."

அவரைக் கூப்பிட, தட்டோடு எழுந்தேன். கூப்பிட அவகாசம் கிடைக்கவில்லை. அவளுடைய போன் நான் கேட்டே இராத ஒரு குரலில் அலறியது.

நான் தைரியமாக இருந்தேன் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. தரை என்பது நம்முடையது என்று ஐம்பது வருடமாக நினைத்திருந்தேன். அது காலடியில் பக்கவாட்டில் நகர்ந்தது. சிப்ஸ் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அறை வாசலில் சிலையாக நின்றேன். வீடு முனகியது. பாத்திரங்கள் கிலுகிலுத்தன. செத்துப்போவோம் என்று முழுசாக நம்பினேன்.

அண்ணாச்சி அப்போது ஸ்டூல் மேல் நின்று மூலையில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். அவர் நேரே தெருவுக்கு ஓடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். பார்டர் கடையில் ஒரு காலை வெளியே வைத்துச் சாப்பிட்டவர் இல்லையா. அவர் குதித்த குதியில் வேட்டி ஸ்டூலிலேயே மாட்டிக்கொண்டது. அரை டிராயரோடு கோமதிக்கு மேலே கவிழ்ந்து, இரண்டு கையையும் அவள் தலைக்கு மேல் விரித்துக்கொண்டு நின்றார். வீடு விழுந்தால் உள்ளங்கையில் தாங்கிவிடுவதாக உத்தேசம்.

"எப்பா, நீங்களும் குனிங்க" என்று கோமதி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து மேஜைக்கு அடியில் உட்கார வைத்தாள். அவள் குரலில் பதற்றமே இல்லை. அரை நிமிடம் இருந்திருக்கும். எனக்கு அது ஒரு சாரல் சீசன் அளவு நீண்டது. பிறகு தரை நின்றது. கோமதி வெளியே வந்து, பூகம்ப எச்சரிக்கை கொடுத்த அதே போனைப் பார்த்து, சின்னதுதான் என்றாள்.

அண்ணாச்சி வேட்டியைக்கூடக் கட்டவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு மறுபடியும் கிளம்பினார். இவ்வளவு ஆடிய பிறகு எங்காவது ஒன்று இல்லாமலா போகும். மூலை மூலையாகப் போனார். சுவரில் கன்னத்தை வைத்து ஒரு கண்ணால் பார்த்தார். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தார்.

"ஒண்ணும் இல்லவே" என்றார் என்னிடம்.

ஏதோ இழவுச் செய்தி சொல்கிற குரல் அது. மகளைக் கூட்டிப்போக அவர் கையில் இருந்த ஒரே காரணம் போய்விட்டது. நான் வேட்டியை எடுத்துக் கொடுத்தேன். கட்டிக்கொண்டார். பிறகு மகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார்.

"வீட்டுல கொறை இல்லட்டி. ஒத்துக்கிடுதேன். ஆனாலும் நீ வந்திரு."

"வரமாட்டேம்ப்பா."

"ஏன்னு சொல்லிரு. நான் போயிருதேன்."

கோமதி ஊறுகாய் பாட்டிலை மூடிவைத்தாள். "இந்த வீடு ஆடுததுல எனக்குப் பயமில்லப்பா. ஆடும், நின்னுரும். அங்கன வந்தா நான் படி எறங்குனா நீங்க பயப்படுவிய. தும்முனா பயப்படுவிய. சின்னதுலேருந்து பாத்துட்டேன்லா. வயித்துப் பிள்ளையோட உங்க பயத்தையும் சேத்து நாந்தான் சுமக்கணும். என்னால ஏலாதுப்பா."

அண்ணாச்சி பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த டார்ச்சை அணைத்தார். அந்த இடத்தில் நான் இருந்திருக்கவே கூடாது. மேலாளர் குனிந்தபோதுகூட அண்ணாச்சியின் முகம் அப்படி ஆகவில்லை.

கோமதி மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "இங்கன வாங்க" என்றாள்.

வாசலுக்குப் பக்கத்தில் மூடியிருந்த ஒரு கதவைத் திறந்தாள். ஏதோ சாமான் அறை என்று அண்ணாச்சி அதை மட்டும் திறக்காமல் விட்டிருந்தார் போல. சின்ன அறை. ஒரு கட்டில், வெள்ளைச் சுவர். உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிய ஆரம்பித்தது. மேலே மின்விசிறி இல்லை. தொங்குகிற விளக்கு இல்லை. வெளிச்சம் சுவருக்குக் கீழே முழங்கால் உயரத்தில் இருந்து வந்தது. தலைமாட்டில் அலமாரி இல்லை, சுவரில் படம் இல்லை. வாசலில் தட்டுவதற்குப் படி இல்லை. கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. கட்டிலுக்கு எதிரே இன்னொரு கதவு, நேராகத் தோட்டத்துக்கு. படுத்தபடி கையை நீட்டினால் அது திறக்கும்.

"ஆர்டர் குடுக்கும்போது வீட்டுல யார் யார் இருப்பாங்கன்னு கேட்டாங்கப்பா" என்றாள் கோமதி. "அப்பாவும்னு சொன்னேன். அவருக்கு என்ன வேணும்னாங்க. நீங்க எதுக்கெதுக்குப் பயப்படுவியன்னு ஒண்ணொண்ணாச் சொன்னேன். ஒருத்தர்கூடச் சிரிக்கல. எல்லாத்தையும் எழுதிக்கிட்டாங்க."

அண்ணாச்சி பழக்கதோஷத்தில் அண்ணாந்து பார்த்தார். மேலே பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளை. கட்டிலில் மெல்ல உட்கார்ந்தார்.

"நான் வருவேம்னு நெனச்சியாட்டி?"

"வரமாட்டியன்னுதான் நெனச்சேன். ஆனா ரூமே இல்லன்னா, நீங்க வரணும்னு நெனச்சாக்கூட வர முடியாதுல்லா."

அப்போதுதான் அவர் கழுத்து இறங்கியது. மகளின் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருத்திருக்கிறதே, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா இல்லையா என்று கேட்டார். அதுவரை பூமி ஆடியும் அசையாமல் இருந்த கோமதி, அந்தக் கேள்விக்கு உடைந்து அழுதாள். நான் தோட்டத்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டேன். அந்தக் கதவு சுலபமாகத் திறக்கிறது. அதற்கு நானே சாட்சி.

திரும்பும் விமானத்தில் அவர் பேசவில்லை. இறக்கையையும் பார்க்கவில்லை. ஊருக்கு வந்ததும் பிரசவத்துக்குப் பதினைந்து நாள் முன்னால் போய்ச் சேருகிற மாதிரி டிக்கெட் போடச் சொன்னார். தனியாக. நடுவில் ஓர் ஊரில் விமானம் மாற வேண்டும். பாஷை தெரியாது. செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம் வரை காரில் நான்தான் கொண்டுபோய் விட்டேன். விமான நிலைய வாசலில் என் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவில்லை. விரல் தடம் பதிந்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"பயமாத்தான் இருக்குவே" என்றார். "போயிட்டு வாரேன்."

கையை விட்டுவிட்டு உள்ளே போனார். அவரைக் கேலி செய்தவர்கள் எல்லாரும் அந்த இடத்தில் நின்று அந்த முதுகைப் பார்த்திருக்க வேண்டும்.

பெண் குழந்தை. நல்லபடியாகப் பிறந்தது. அண்ணாச்சி இன்னும் அங்கேதான் இருக்கிறார், அந்த விசிறி இல்லாத அறையில். நான் என் போனில், அங்கே பூமி அசைந்தால் இங்கே மணியடிக்கிற ஒரு செயலியை ஏற்றி வைத்திருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு தடவையாவது அடிக்கும். கொஞ்ச நேரத்தில் அவரிடமிருந்து குரல் பதிவு வரும். 'ஆடிச்சு, நின்னுட்டு, பிள்ள தூங்குது.' அவ்வளவுதான். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குக் காபி இறங்கும். நேற்றுக் காலையில் மணியடித்த பிறகு அந்தக் குரல் வர இருபது நிமிடம் ஆனது. பிளான் வாங்க வந்தவரை உட்கார வைத்துவிட்டு, போனைக் கையில் பிடித்தபடி, நான் தெருவில் இறங்கி நின்றுகொண்டிருந்தேன்.